காலி கார்டு

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் முழுதாக நம்பவில்லை. நம்பாமலேயே பலரிடம் சொல்லியிருக்கிறேன். நான் நடத்தும் பயிற்சி வகுப்புகளில் சொன்னால் கூட்டம் ஒரு நிமிடம் அமைதியாகிவிடும். அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது.

எனக்குச் சொன்னவர் சந்தானகிருஷ்ணன். விவசாயிகளின் போனுக்குத் தினமும் ஒரு பயிர்க்குறிப்பு அனுப்பும் சிறிய அலுவலகம் ஒன்று திருச்சியில் இருந்தது. அங்கே குறிப்பு எழுதுவது அவர் வேலை. குழுவை நடத்தியவர் மெஹருன்னிசா, அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். இருந்தும் சந்தானகிருஷ்ணன் 'என் குரு' என்றுதான் சொல்வார்.

எந்த நாளில் எந்தக் குறிப்பு போக வேண்டும் என்பது கம்ப்யூட்டர் திரையில் ஒரு போர்டாக இருந்தது. ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு கார்டு. எழுதுவது, சரிபார்ப்பது, அனுப்புவது என்று மூன்று வரிசை. எழுதி முடித்தவர் தன் கார்டை அடுத்த வரிசைக்கு இழுத்துவிட வேண்டும். கார்டு யார் வரிசையில் நிற்கிறதோ, வேலை அவர் கையில். நாள் தவறினால் கார்டு சிவப்பாகும். எல்லோரும் அவரவர் திரையில் அதைப் பார்க்கலாம்.

சரிபார்த்தவர் ஜெயக்கொடி. லால்குடியில் வீட்டிலிருந்தே பார்த்தார். மாதாமாதம் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை.

அந்த வருடம் ஆனி முடிவதற்குள் நிலக்கடலை விதைக்கு மருந்து கலக்கும் குறிப்பு போக வேண்டும். ஆடிப்பட்டத்துக்கு விதைப்பவர்கள் அதற்காகக் காத்திருப்பார்கள். சந்தானகிருஷ்ணன் அதை எழுதவில்லை. மறுநாள் காலையில் அது தன் பெயரில் சிவப்பாக நிற்கும் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. ஆறு மணிக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது, உள்ளே ஒரு வரிகூட எழுதாத கார்டை ஜெயக்கொடியின் வரிசைக்கு இழுத்துவிட்டார். வீட்டுக்குப் போய் எழுதிவிடலாம் என்று நினைத்தாராம்.

"நெஜமாவே நெனைச்சேன்" என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

எழுதவில்லை. தன் வரிசையில் இல்லாத கார்டு மனதிலும் நிற்கவில்லை. இரண்டாம் நாள் ஜெயக்கொடி போன் செய்தார்.

"சார், கடலை கார்டு காலியா இருக்குதே."

"அப்படியாம்மா? பாக்குறேன்."

பார்க்கவில்லை. ஒரு குறிப்பு தயாராகாவிட்டால் அடுத்தது அதன் இடத்தில் தானாகப் போய்விடும். அதனால் வேறு யாரும் கேட்கவும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் துறையூரிலிருந்து ஒரு விவசாயி கூப்பிட்டார்.

"வருசா வருசம் அளவு போட்டு அனுப்புவீங்க. இந்தத் தடவ காணோம். சும்மா வெதைச்சேன். பாதி மண்ணுலயே அழுகிப் போச்சு. இனிமே அனுப்பி யாருக்கு, காக்காய்க்கா?"

அடுத்த நாள் மீட்டிங். அலுவலக நிர்வாகி பெரிய திரையில் போர்டைத் திறந்தார். கடலை கார்டு ஜெயக்கொடியின் பெயரில் சிவப்பாக நின்றது.

ஸ்பீக்கரில் ஜெயக்கொடியின் குரல் வந்தது. "தெறந்து பாத்தேங்க. உள்ள ஒண்ணுமில்ல. சார்கிட்டயும் போன்ல சொன்னேன்."

எல்லோரும் சந்தானகிருஷ்ணனைப் பார்த்தார்கள்.

"நான் எழுதித்தான் போட்டேன். நெட்டு பிரச்சினையா இருக்கும்."

ஜெயக்கொடி, "சரிங்க சார்" என்றார்.

அடுத்த மாதம் அவருக்கு வேலை புதுப்பிக்கப்படவில்லை.

அதற்குப் பத்து நாள் கழித்து, மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில், சந்தானகிருஷ்ணன் மெஹருன்னிசாவின் மேசைக்குப் போய் நின்றார்.

"மேடம், ஒரு கார்டை எப்ப அடுத்த வரிசைக்கு இழுக்கலாம்?"

மெஹருன்னிசா தன் காலி டிபன் பாக்ஸை மூடி அவர் கையில் கொடுத்தார்.

"இதை பிலோமினாகிட்ட குடுத்துட்டு வாங்க."

பிலோமினா எதிர் மேசையில் குறிப்புகளுக்குப் படம் வரைபவர். வாங்கித் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்ன சார், கழுவி வெக்கணுமா?"

சந்தானகிருஷ்ணன் திரும்பி வந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"கழுவி வெக்கணுமான்னு கேட்டாங்க."

"எதிர்ல இருக்காங்க. கேட்டுட்டாங்க. லால்குடியிலேர்ந்து போன்ல கேட்டா யாரும் பாக்கறதில்ல."

சொல்லிவிட்டு மெஹருன்னிசா தன் திரையை அவர் பக்கம் திருப்பினார். கடலை கார்டை யார் எப்போது தொட்டார் என்று காட்டும் ஹிஸ்டரி திறந்திருந்தது. ஐந்து ஐம்பத்திரண்டு. இழுத்தவர், சந்தானகிருஷ்ணன். அதற்குக் கீழே, உள்ளே எழுதியது எதுவும் இல்லை.

"எப்பத்துலேர்ந்து தெரியும் மேடம்?"

"மீட்டிங்குக்கு முன்னாடியே."

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு காத்திருந்தேன் சார்."

சந்தானகிருஷ்ணனின் கதை இங்கே முடியும். அதற்குப் பிறகு முடிக்காத கார்டை அவர் இழுத்ததே இல்லையாம். ஒவ்வொரு தடவையும் இந்த இடத்தில் அவர் கண் கலங்கும்.

முதலில் நான் டிபன் பாக்ஸைச் சந்தேகித்தேன். கேட்ட கேள்விக்கு அவ்வளவு பொருத்தமாக ஒரு காலிப் பாத்திரம் கைக்குக் கிடைக்குமா? பிறகு ஹிஸ்டரியைச் சந்தேகித்தேன். தெரிந்தவர்களிடம் விசாரித்தேன். அப்படி ஒன்று உண்டு, யாரும் திறந்து பார்ப்பதில்லை என்றார்கள். அப்புறமும் சந்தேகம் தீரவில்லை. எதைச் சந்தேகிக்கிறேன் என்று தெரியாமலே, கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அதில் தப்பு செய்தவன் ஒரே மத்தியானத்தில் நல்லவனாகி எழுந்து போகிறான். அப்படி எழுந்து போக ஆசைப்படும் காரியங்கள் எனக்கும் இருந்தன.

போன மாதம் திருவானைக்காவலில் ஒரு கல்யாணம். பந்தியில் சந்தானகிருஷ்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்தார். தனக்கு அந்தப் பக்கம் இருந்தவரிடம் அதே கதையை, அதே வார்த்தைகளில் சொன்னார். 'காத்திருந்தேன் சார்' என்று முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்படி ஒரு மேடம் யாருக்குக் கெடைப்பாங்க" என்றார் அந்தப் பக்கத்துக்காரர்.

ரசம் வந்தது. நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். பிறகு கேட்டேன்.

"சந்தானம் சார், அந்த ஹிஸ்டரியை நீங்க ரெண்டு பேரும் பாத்தீங்க. ஜெயக்கொடிக்கு யாராவது காட்டினீங்களா?"