அமைச்சருக்கு இரண்டு வகுப்புகள்

கலியமூர்த்தி அரசுக் கொள்கை ஆய்வு மையம் இன்று மூன்று மாடிக் கட்டடம். அது பிறக்காமலே போயிருக்க வேண்டியது.

முதல் இயக்குநராக இருதயராஜை நியமித்திருந்தார்கள். மனிதருக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. மறைந்த கல்வி அமைச்சர் கலியமூர்த்தியின் மகள் அமுதவல்லிதான் கட்டடம் கட்டித் தருகிறார். ஒரே நிபந்தனை. பிள்ளைகள் குறைந்துபோன கிராமப் பள்ளிகளை அப்பா மூடிய விஷயத்தை மையத்தில் யாரும் பேசக்கூடாது.

இருதயராஜ் தன் பழைய பேராசிரியை தில்லைநாயகியிடம் ஓடினார்.

“பேசினா மையம் போச்சு மேடம். மறைச்சா என் மானம் போச்சு. என்ன செய்ய?”

“முதல்ல உட்காரு.”

“முடியல மேடம்.”

“அப்ப நின்னுக்கிட்டே கேளு. நாளைக்கு நம்ம கல்லூரிப் பசங்களுக்கு ரெண்டு வகுப்பு எடு. முதல்ல அவர் திறந்த நூலகங்கள். அடுத்தது அவர் மூடின பள்ளிகள். அமுதவல்லியை நான் கூட்டிட்டு வர்றேன்.”

“வம்பை விலைக்கு வாங்குறீங்க மேடம்.”

“நீ பாடத்தை நடத்து.”

மறுநாள் வகுப்பில் அமைச்சரின் படத்தை மேசைமேல் வைத்திருந்தார்கள். நூலகங்களைப் பற்றி மாணவர்கள் குறிப்பெடுத்தார்கள். கைதட்டினார்கள். கடைசி வரிசையில் அமுதவல்லிக்கு முகமெல்லாம் பூரிப்பு.

அடுத்த வகுப்பில் பள்ளிகளை மூடச்சொன்ன ஆணையை இருதயராஜ் வாசித்து முடிக்கக்கூட இல்லை. ஒரு பெண் எழுந்தாள். அவரைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்தாள்.

“எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்தையும் மூடினீங்க ஐயா. எங்கக்கா அஞ்சாவதோட நின்னுட்டா. எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

“நாலு பிள்ளைக்கு ஒரு வாத்தியார். அவரும் லீவு போட்டா? ஐயா வேற என்னதான் செய்வார்?” என்றான் ஒருவன்.

“வேன் விட்டிருக்கலாமே ஐயா” என்றான் இன்னொருவன்.

அப்புறம் வகுப்பு சந்தைக்கடைதான். மணி அடித்தும் யாரும் எழவில்லை.

அமுதவல்லி விருட்டென்று வெளியே போனார். பின்னாலேயே இருதயராஜும் தில்லைநாயகியும் வராந்தாவுக்கு வந்தார்கள்.

“அந்த ஆணையை நெனச்சே அப்பா உருகிப்போனார். சாகிறவரைக்கும் அதைப்பத்தி யார்கிட்டயும் வாயைத் திறக்கல. இப்ப அவரை நிக்கவெச்சுக் கேள்வி கேக்கிறீங்க. இதுதான் மரியாதையா?” அமுதவல்லிக்குக் குரல் உடைந்தது.

உள்ளே சண்டை இன்னும் ஓயவில்லை. தில்லைநாயகி கதவைச் சாத்தாமல் நின்றார்.

“முதல் வகுப்புல உங்கப்பாவைக் கும்பிட்டாங்க. இப்பத்தாம்மா அவரோட பேசுறாங்க.”