வைக்கோல் கன்னு கறந்த பால்

மந்தப்பாளையத்தில் யோசனைக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. அதிலும் நாச்சிமுத்து, சென்னிமலை, ஆறுக்குட்டி என்ற மூணு கூட்டாளிகளும் ஒண்ணா உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தால், அக்கம்பக்கத்தார் ஆடு மாட்டைப் பிடித்து உள்ளே கட்டிவிடுவார்கள்.

நாச்சிமுத்துவுக்குப் பக்கத்து ஊர் ருக்குமணியைக் கட்டிக்கொள்ள அப்படி ஒரு ஆசை. ராத்தூக்கம் போயாச்சு. அவள் அப்பா மாரப்பன் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "பொண்ணைக் குடுக்கோணும்னா மாப்பிள்ளைக்கு ஒரு தொழில் வேணும். பால் பண்ணை வைங்க. வெள்ளிக்கிழமை வாரேன். உங்க பண்ணைப் பால்ல ஒரு டம்ளர் காப்பி குடிச்சேன்னா, அங்கயே தட்டம் மாத்தி நிச்சயம் பண்ணிக்கலாம்."

மூணு பேரும் கையில் இருந்ததைப் போட்டுச் சந்தையில் ஒரு மாடு பிடித்தார்கள். விற்றவர் நல்ல மனுசன். கூடவே ஒரு சாக்குமூட்டையையும் கொடுத்தார். "கன்னு செத்துப்போச்சுங்க. அதான் சாக்குல வைக்கோலைத் திணிச்சு, நாலு குச்சியைக் காலா வெச்சுத் தெச்சிருக்கேன். இதைக் காட்டினாத்தான் மாடு பால் விடும். பெத்த புள்ளையாட்டம் பாத்துக்கங்க" என்றார்.

சொன்னவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாச்சிமுத்து வெயில் படாமல் தலைத்துண்டை அவிழ்த்துக் கன்னுக்குப் போர்த்தி, தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். வீட்டு வாசலில் திருஷ்டி கழித்தார்கள். பச்சைப்புல் போட்டார்கள். கன்னு முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாச்சிமுத்து பக்கத்தில் குந்தி அதன் முதுகைத் தடவிக்கொடுத்தான்.

"பால் குடிக்கற வயசுல புல்லைப் போட்டா எப்படிடா திங்கும்?" என்றான் ஆறுக்குட்டி.

அதுவும் நியாயம்தான். கன்னைக் காட்டி மாட்டைக் கறந்தார்கள். கறந்த பால் முழுக்கக் கன்னின் வாய்ப்பக்கமாகப் பிடித்து ஊற்றினார்கள். மேலே ஊற்றினதும் சாக்கு நனைந்து வயிற்றுக்குக் கீழே சொட்டச் சொட்ட ஒழுக ஆரம்பித்தது.

"ஏன் மாப்ளே, குடிச்ச கையோட ஒண்ணுக்குப் போகுது?" என்று பதறினான் நாச்சிமுத்து.

தடுக்கிறதுக்குள்ளே சென்னிமலை விரலால் தொட்டு நக்கிவிட்டான். "டேய்! பால்டா இது!"

மூணு பேரும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். இது சாதாரண விஷயமா?

"மாடும் பால் குடுக்குது, கன்னும் பால் குடுக்குது. இதுல எது லாபம்?" என்று ஆரம்பித்தான் ஆறுக்குட்டி.

"மாடு புண்ணாக்கு கேக்குது. பருத்திக்கொட்டை கேக்குது. போதாததுக்கு உதைக்குது" என்றான் சென்னிமலை. "கன்னு ஒண்ணுமே கேக்கறதில்லை."

"அப்ப மாட்டை எதுக்குடா கட்டி அழுகறோம்?" என்று கேட்டான் நாச்சிமுத்து. தொழில் பண்ணப் பிறந்தவன் கேட்கிற கேள்வி.

மறுநாளே மாட்டை எதிர்த் தோட்டத்துக் குமரவேலுவுக்குப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டார்கள். "நெசமாத்தான் சொல்றீங்களா?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். பாவம், ஏமாந்த மனுசன் என்று இவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. நாச்சிமுத்து சொம்போடு கன்னுக்குக் கீழே குந்தினான். பிழிந்தான், நீவினான், கெஞ்சினான். வைக்கோல் தூசிதான் கொட்டியது. மாரப்பன் வருகிற நேரம் ஆச்சு. "ருக்குமணி போச்சு, என் பொழப்பே போச்சு" என்று அழுதேவிட்டான்.

"தாயை நெனச்சு ஏங்குதுடா" என்றான் ஆறுக்குட்டி. "கன்னு செத்தா மாட்டுக்கு வைக்கோல் கன்னு காட்டறாங்க. மாடு போனா கன்னுக்கு எதைக் காட்டோணும்?"

அட, இவன் அறிவை என்னவென்று சொல்ல! நாலு சாக்கை ஒண்ணாகத் தைத்து, ஒரு போர் வைக்கோலைத் திணித்து, கம்பு நட்டு, ஒரு வைக்கோல் மாட்டையே நிறுத்திவிட்டார்கள்.

மாரப்பன் தட்டமும் வெத்தலை பாக்குமாக வந்தார். மாட்டை ஒரு சுத்து சுத்தி வந்தார். முதுகைத் தட்டினார்.

"சாதுவா நிக்குதுங்க மாப்ளே. நல்ல வளர்ப்பு" என்றார் மாரப்பன்.

அந்த நேரம் பார்த்து, குமரவேலு வீட்டு மாடு கன்னு ஞாபகத்தில் கயிற்றை அறுத்துக்கொண்டு கத்திக்கொண்டே ஓடி வந்தது. கன்னை நக்கியது. நக்கினதில் சாக்கு கிழிந்து வைக்கோல் எட்டிப் பார்த்தது. அப்புறம் என்ன, கன்னைத் தின்று முடித்துவிட்டு வைக்கோல் மாட்டிலும் வாயை வைத்தது. கன்னைப் பார்த்த சந்தோசத்தில் நிஜ மாட்டின் காம்பிலிருந்து பால் தானாகவே சொட்டித் தரையில் ஓடியது. அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் அங்கே யாரும் இல்லை.

"அய்யோ, பெத்த கன்னையே தின்னுபோட்டாளே பாவி!" என்று நாச்சிமுத்து மாரில் அடித்துக்கொண்டான். ஒவ்வொரு வாய்க்கும் ருக்குமணி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

பின்னாலேயே கயிற்றோடு வந்த குமரவேலுவை மூணு பேரும் மறித்தார்கள்.

"வெளிய இருக்கற மாடு உங்களது. உள்ள இருக்கற மாடும் கன்னும் எங்களது. அதைக் குடுத்துட்டு ஓட்டிக்கிட்டுப் போங்க."

குமரவேலு தலையில் கையை வைத்துக்கொண்டார். "உள்ள போனது எப்படியும் பின்னால வரும். உக்காந்திருங்க சாமிகளா."

உட்கார்ந்தார்கள். மாரப்பனும் தட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு கூடவே உட்கார்ந்தார். கடைசியில் மாடு வாலைத் தூக்கியது. பெருசா ஒண்ணு, சிறுசா ஒண்ணு சாணி விழுந்தது. குமரவேலு மாட்டைப் பிடித்துக்கொண்டு ஒரே ஓட்டமாகப் போய்விட்டார்.

மாரப்பன் குனிந்து பார்த்தார். "கன்னு ரொம்ப எளைச்சுப்போச்சே மாப்ளே."

"வயித்துக்குள்ள இருட்டுல கெடந்துச்சுங்களே மாமா."

"அதுவும் சரிதான். நல்லா வெயில்ல இருக்கட்டும், தேறிக்கும். காப்பியை இன்னொரு நாளைக்குக் குடிச்சுக்கறேன்" என்று சொல்லி, தட்டத்தை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டார்.

கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. மறுநாள் காலை ருக்குமணி அடுப்பில் காப்பித் தண்ணி வைத்துவிட்டு, நாச்சிமுத்து கையில் சொம்பைக் கொடுத்தாள். "பாத்துக் கறங்க மாமா, புதுசா வந்தவ பக்கத்துல நின்னா உதைக்கப் போகுது. எதுக்கும் பின்னங்காலைக் கட்டிக்கங்க" என்றாள்.

மூணு கூட்டாளிகளும் வெயிலில் காய்ந்து கிடந்த பெரிய சாணிப்பக்கம் கயிற்றோடு குனிந்தார்கள். பின்னங்கால் எது, முன்னங்கால் எது என்று இன்னும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.