இடுப்பில் வைக்கும் பை

ஆஸ்பத்திரியில் உங்களுக்கு ஊசி போட்டார்களே, அந்த ஊசி அப்புறம் எங்கே போனது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? நாம் பாட்டுக்குக் கையைத் தேய்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

மலையடிவாரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் லூர்துமேரி சிஸ்டரிடம் இசக்கிராஜா தொழில் பழகிக்கொண்டிருந்தான். சிஸ்டர் ஊசி போடுவார். இவன் மருந்துத் தட்டை ஒழுங்கு செய்வான். தானும் ஊசி போட வேண்டும் என்று அவனுக்கு ஒரே ஆசை.

"சிஸ்டர், துப்புரவு வேலை பார்க்கிற பேச்சித்தாய் அக்காவுக்கு இன்னைக்குத் தடுப்பூசி இருக்கே. நான் போடட்டுமா?"

"போடலாம். ஊசி போடுற வேலை எப்ப முடியுதுன்னு முதல்ல சொல்லு."

"மருந்து உள்ளே போனதும்."

"இல்லை."

"பஞ்சை வச்சு ரத்தம் நின்னதும்."

"இல்லை."

"வலி போனதுமா?"

சிஸ்டர் குப்பை போடுகிற மஞ்சள் பையைக் கட்டி அவனிடம் நீட்டினார். காலையில் போட்ட ஊசிகளுக்கெல்லாம் மூடியை மாட்டி, ரத்தப் பஞ்சோடு சேர்த்து அதில் போட்டவன் அவன்தான். ஊசிக்கென்றே இருக்கும் வெள்ளை டப்பா அறையின் அந்தக் கோடியில் இருந்தது.

"இதைப் பின்பக்கம் கொண்டுபோய் வை."

பை உடம்பில் படாமல் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தான். எதிரே வாளியோடு வந்த பேச்சித்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன சார், செத்த எலியைத் தூக்கிட்டுப் போற மாதிரி போறீங்க? பிள்ளையை வைக்கிற மாதிரி இடுப்புல வைங்க. கனமே தெரியாது."

"நீங்க அப்படியா தூக்குவீங்க?"

"பின்னே? இன்னொரு கையில வாளி இருக்குல்ல."

"அக்கா சொன்ன மாதிரி வை, தம்பி," என்றார் சிஸ்டர்.

அவன் வைக்கவில்லை.

"மூடி போட்டுத்தானே போட்டே?"

"ஆமா சிஸ்டர்."

"அப்புறம் என்ன?"

"கழண்டிருந்தா?"

"சாருக்கு இடுப்பே இல்ல போல. கொடுங்க இப்படி," என்று பேச்சித்தாய் கையை நீட்டினாள்.

"வேண்டாம்க்கா. தொடாதீங்க."

பையைத் தரையில் வைத்துப் பிரித்தான். இடுக்கியால் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தான். இரண்டில் மூடி இல்லை. ஒன்றின் முனை பையைத் துளைத்துக்கொண்டு வெளியே நின்றது.

சிஸ்டர் வெள்ளை டப்பாவைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். எல்லாவற்றையும் அதில் போட்டு மூடினான்.

"இது எங்கே போகும் சிஸ்டர்?"

"வண்டி வந்து எடுத்துட்டுப் போகும்."

"வண்டி எங்கே போகும்?"

"ஆலைக்கு. ஆவியில வேகவச்சுப் பொடியாக்குவாங்க."

"அங்கே இதை யார் தூக்குவாங்க?"

"எனக்கும் தெரியாதுப்பா."

"வண்டி வந்தா நானும் கூடப் போய்ப் பார்த்துட்டு வரட்டுமா?"

"போயிட்டு வா. அதுக்கு முன்னாடி அக்காவுக்கு ஊசியைப் போட்டுட்டுப் போ."

பேச்சித்தாய் வாளியை இறக்கிவைத்தாள்.

"இடது கையில போடுங்க சார். நான் பையை வலது பக்கந்தான் தூக்குவேன்."