ராசாத்தியின் முதுகுக்கு மேல் நாலு விரல்

சித்தேரிக்குடி மேலத்தெருவில் சிற்றம்பலம் என்று ஒருவர் இருந்தார். அவரைப் புத்திசாலி என்று சொல்ல ஊரில் யாரும் முன்வராததால் அந்த வேலையையும் அவரே பார்த்துக்கொண்டார். தலையாட்ட இரண்டு பேர் வீட்டிலேயே இருந்தார்கள். ஒருவன் தம்பி ஐயாறு, இன்னொருவன் மச்சினன் கோமதிநாயகம். இந்த மூன்று தலைகளையும் சேர்த்துக் குலுக்கினாலும் சத்தம் வராது.

சிற்றம்பலத்தின் மனைவி மரகதவல்லிக்கு ஒரு தங்கமீன் உயிர். பெயர் ராசாத்தி. அது பாவம் வாளிக்குள்ளேயே சுற்றுகிறதே என்று, மூடிப்போன ஓட்டலிலிருந்து பழைய கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டு அவள் அக்காள் வீட்டுக்குக் கிளம்பினாள்.

"தொட்டிக்கு ஓவர்ஃப்ளோ வச்சு ராசாத்தியை அதுல விடுங்க. திங்கக்கிழமை நான் வரும்போது அவ உசிரோட இருக்கணும். இல்லேன்னா வந்த பஸ்லயே திரும்பிடுவேன்" என்றாள்.

அவள் இல்லாவிட்டால் காப்பி எங்கிருந்து வரும் என்பதுகூடச் சிற்றம்பலத்துக்குத் தெரியாது.

மூவரும் மீன் கடைக்குப் போனார்கள். கடைக்கார பாய் மூன்று முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ரெண்டு வழி இருக்குண்ணே. அதிகத் தண்ணிய உறிஞ்சி வெளியே விடுற பெட்டி ஒண்ணு வாங்கி விளிம்புல தொங்கவிடலாம், கண்ணாடியத் தொடவே வேண்டாம். இல்லேன்னா பின் கண்ணாடியில ஓட்டை போட்டுக் குழாய் மாட்டணும். அதிகமா ஏறுற தண்ணி அது வழியா கீழே டிரம்முக்கு இறங்கிடும். உங்களுக்குப் பெட்டிதான் நல்லது."

மூவரும் வெளியே வந்து வேப்பமரத்தடியில் ஆலோசித்தார்கள்.

"ஓட்டையே இல்லாம தண்ணி எப்படிடா வெளியே போகும்?" என்றார் சிற்றம்பலம்.

"அதானே! நம்மள என்ன முட்டாள்னு நெனச்சுட்டாரா?" என்றான் ஐயாறு.

"அப்படித்தான் பார்த்தாரு, அத்தான்" என்றான் கோமதிநாயகம். அன்று அந்த வீட்டார் சரியாகக் கண்டுபிடித்தது அது ஒன்றைத்தான்.

ஓட்டைதான் வேண்டும் என்று உள்ளே போய் அறிவித்தார்கள். பாய் பெருமூச்சு விட்டபடி துளை போடும் மெஷின், குழாய் எல்லாவற்றையும் எடுத்துக்கொடுத்தார்.

"ரொம்பக் கீழே போட்டுடாதீங்க. மீன் முதுகுக்கு மேல நாலு விரல் தண்ணியாவது நிக்கணும். துளைக்கும்போது தண்ணி தெளிச்சுக்கிட்டே இருக்கணும். அப்புறம் தொட்டியில தண்ணி குறையாமப் பார்த்துக்கங்க."

மூன்று கட்டளைகளையும் ஆளுக்கு ஒன்றாக மனப்பாடம் செய்துகொண்டு வீடு வந்தார்கள்.

திங்கட்கிழமை காலையில் வேலை ஆரம்பமானது. மீன் இல்லாமல் முதுகு எப்படிக் கிடைக்கும்? அதனால் முதலில் தொட்டியை நிரப்பி ராசாத்தியை விட்டார்கள். தண்ணீர் குறையக் கூடாதே என்று ஐயாறு குழாயடியிலிருந்து ரப்பர் டியூப்பை இழுத்துத் தொட்டிக்குள் போட்டுத் திறந்துவிட்டான். கோமதிநாயகம் கல்யாண வீட்டுப் பன்னீர்ச்செம்பை எடுத்து வந்தான். பாய் தெளிக்கச் சொன்னாரே தவிர எங்கே என்று சொல்லவில்லை. எனவே கண்ணாடி, மெஷின், அத்தான், காலண்டர் என்று ஒன்றுவிடாமல் தெளித்தான்.

சிற்றம்பலம் ராசாத்தியின் முதுகுக்கு மேல் நாலு விரல் வைத்து அளந்து, சாக்பீஸால் கோடு கிழித்து, துளை போட்டுக் குழாயை மாட்டினார். தண்ணீர் கலகலவென்று டிரம்முக்குள் இறங்கியது. மூவரும் கைதட்டினார்கள்.

தொட்டியில் தண்ணீர் இறங்கியதும் ராசாத்தியும் கொஞ்சம் இறங்கினாள்.

"அண்ணே, முதுகு கீழே போயிடுச்சு. இப்போ ஏழு விரல் நிக்குது" என்றான் ஐயாறு.

"நாலு எங்கே, ஏழு எங்கே? அவ்வளவு பாரத்தையும் பொம்பளை மீன் தாங்குமாடா?" என்று பதறினார் சிற்றம்பலம்.

அளந்தார், மறுபடி துளைத்தார். குழாய் கீழ் ஓட்டைக்கு மாறியது. தண்ணீர் இறங்க, ராசாத்தியும் இறங்கினாள். மூன்றாவது ஓட்டை. நடுவில் ஒருதரம் அவள் மேலே ஏறினாள். அங்கே ஏற்கெனவே ஓட்டை இருந்ததால் வேலை மிச்சம் என்று சிற்றம்பலம் சந்தோஷப்பட்டார். ஏழாவது ஓட்டை போட்டபோது ராசாத்தி தரையோடு தரையாகக் கிடந்தாள். அதற்குமேல் இறங்க அவளுக்கு இடமில்லை.

"அளவு கச்சிதமா வந்துடுச்சு" என்று வியர்வையைத் துடைத்தார் சிற்றம்பலம்.

டிரம் எப்போதோ நிறைந்துவிட்டது. அதைப் பற்றி பாய் ஒன்றும் சொல்லாததால் யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மரகதவல்லி வாசற்படி தாண்டிக் காலை வைத்தபோது கூடத்தில் கணுக்கால் தண்ணீர். அவளுடைய செருப்பு மிதந்து அடுப்படிக்குப் போனது.

சல்லடை மாதிரி இருந்த தொட்டியைப் பார்த்தாள். ஒரு குடத்தை எடுத்து ராசாத்தியை அள்ளிப் போட்டாள்.

"ராசாத்தி உசிரோடதானே இருக்கா? பின்னே எதுக்குக் கிளம்புறே?" என்றார் சிற்றம்பலம். அவருக்கு உண்மையிலேயே அழுகை வந்துவிட்டது.

"வீட்டைப் பாருங்க!" என்று கத்தினாள் மரகதவல்லி.

சிற்றம்பலம் பார்த்தார். முழங்கால் நோக்கி ஏறுகிற தண்ணீரைப் பார்த்ததும் புத்தியில் உறைத்துவிட்டது.

"அடடா! தொட்டிக்கு ஓவர்ஃப்ளோ வச்சோம். வீட்டுக்கு வைக்க மறந்துட்டோமே! மரகதம், அசையாம நில்லு. ஐயாறு, அண்ணி முதுகை அளடா!"

அவள் நிற்கவில்லை. இடுப்பில் குடத்தோடு விறுவிறுவென்று பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். சாக்பீஸும் மெஷினுமாக அண்ணனும் தம்பியும் பின்னால் ஓடினார்கள். அவள் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் ஐயாற்றுக்கு அளவு அகப்பட்டது. அவள் முதுகுக்கு மேல் நாலு விரல் விட்டு, பஸ்ஸின் வெளித்தகரத்தில் அழுத்தமாக ஒரு கோடு போட்டான்.

கண்டக்டர் விசில் ஊதினார்.

"டிரைவரண்ணே, கொஞ்சம் பொறுங்க!" என்று மெஷினைத் தூக்கிக்கொண்டு கத்தினார் சிற்றம்பலம். "மச்சினன் தெளிக்கிறதுக்குத் தண்ணி எடுத்துக்கிட்டு வந்துட்டே இருக்கான்!"