அமைச்சர் வீட்டில் தங்கிய குழம்புச் சட்டி

நெடுங்கயத்தை ஆண்ட குமரபூபதி ராஜாவுக்குப் போர் பிடிக்காது, பாட்டு பிடிக்காது, அந்தப்புரத்துச் சண்டை அறவே பிடிக்காது. தூண்டில் போடுவது ஒன்றுதான் பிடிக்கும். ஆனால் மீனுக்குத்தான் அவரைப் பிடிக்கவில்லை. மூன்று வருஷம் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அவர் பிடித்தது இரண்டு நண்டும், காற்றில் பறந்துபோன தன் சொந்தத் தலைப்பாகையும்தான்.

ராஜா முகம் வாடினால் அமைச்சர் மாசிலாமணியாருக்குச் சோறு இறங்காது என்று அரண்மனையில் பேச்சு. சும்மா சொன்னார்கள். அந்த மனுஷருக்கு இடி விழுந்தாலும் சோறு இறங்கும்.

ராஜாவைக் குளிர்விக்க அமைச்சர் அயல்நாட்டு ஏரியிலிருந்து நாற்பது குடம் விரால் குஞ்சு வரவழைத்தார். மேளதாளத்தோடு ஆற்றில் விட்டார். தன் கைப்பட ஓர் ஆணை எழுதி, ராஜாவிடம் முத்திரையும் வாங்கி, ஊரெல்லாம் பறை அறைவித்தார். "ஆற்று விரால் எல்லாம் அரசருடையது. அதை உண்டவர் எவராயினும் வீடுவாசலை விட்டுக் குடும்பத்தோடு எல்லை தாண்ட வேண்டும்."

விரால் என்ன சாதுவா? வளர வளர ஆற்றிலிருந்த அயிரைப் பொடிமீனை எல்லாம் தின்று தீர்த்தது. அயிரை விற்றுப் பிழைத்த கரைக்காரர்கள் பாடு திண்டாட்டம் ஆனது. அவர்களில் ஒருத்தி செம்பாயி. புருஷன் இல்லை, பிள்ளைகள் மூன்று. உள்ளே போன மீன் வெளியே வர முடியாதபடி பின்னிய மூங்கில் பறி ஒன்றுதான் அவள் சொத்து. ஒரு நாள் காலையில் பறியைத் தூக்கினாள். அயிரை ஒன்றுகூட இல்லை. உள்ளே முழங்கை நீளத்துக்கு ஒரு விரால், வயிறு புடைத்துக் கிடந்தது.

"என் பொழப்பைத் தின்னுட்டு இங்கேயே படுத்திருக்கியா?" என்று கேட்டாள். அது பதில் சொல்லவில்லை. குழம்பு வைத்தாள்.

சட்டியை இறக்கியதுதான் தாமதம், வாசனை பிடித்துக் காவலர்கள் வந்துவிட்டார்கள். சட்டியும் செம்பாயியும் சபைக்கு வந்தார்கள். பிள்ளைகள் மூன்றும் பசியோடு பின்னால் வந்தன.

"கையும் களவுமாகப் பிடிபட்டவள், மகாராஜா. உப்பைத் தின்றவர் தண்ணீர் குடித்துத்தான் ஆகவேண்டும். இன்றைக்கே எல்லை தாண்டச் சொல்லுங்கள்" என்றார் அமைச்சர். பேச்சு ராஜாவிடம் இருந்தது, கண் சட்டியிலேயே இருந்தது.

இதைக் கவனித்த ஒரே ஆள் அழகிரி. சபையில் ராஜாவைச் சிரிக்க வைப்பது அவர் வேலை. மற்றவர்களை யோசிக்க வைப்பது அவர் கெட்ட பழக்கம்.

"மகாராஜா, தூண்டில் நேரம் தப்பிப் போகிறது" என்றார் அழகிரி. "தீர்ப்பை நாளைக்கு வைத்துக்கொள்ளலாமே. சட்டியைத் துணி கட்டி அமைச்சர் வீட்டில் வைப்போம். அதைவிடப் பத்திரமான இடம் ஏது?"

"நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் அமைச்சர், கொஞ்சம் வேகமாகவே.

சபை கலைந்ததும் செம்பாயி அழகிரியை மறித்தாள். "சாமி, நாளைக்குன்னா மட்டும் என்ன மாறப் போகுது? இந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு நான் எங்கே போவேன்?"

"குழம்பில் புளி தூக்கலா, மிளகு தூக்கலா?"

"ரெண்டும் சரியாத்தான் போட்டேன்."

"அப்படியானால் பயப்படாதே தாயே. பிள்ளைகளுக்கு என் வீட்டில் சோறு இருக்கிறது, கூட்டி வா."

மறுநாள் சபை கூடியது. சட்டி வந்தது. துணியை அவிழ்த்தால் உள்ளே தலை முள்ளும் நடு முள்ளும் மட்டும் கிடந்தன. அகப்பை போட்டு வழித்ததுபோல் சட்டி சுத்தமாக இருந்தது.

"பூனை" என்றார் அமைச்சர்.

"துணியைத் திரும்பக் கட்டி முடிச்சுப் போட்டிருக்கிறதே. கெட்டிக்காரப் பூனை" என்றார் அழகிரி. "அமைச்சரே, வலது கையை இப்படிக் காட்டுங்கள். நகக்கண்ணெல்லாம் மஞ்சள்."

அமைச்சர் கையை அங்கவஸ்திரத்தில் துடைத்துக்கொண்டார். "கெட்டுப்போயிற்றா என்று ஒரு வாய் பார்த்தேன், மகாராஜா. கெடவில்லை. கடமை இல்லையா, நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னொரு வாய்..."

"மகாராஜா, ஆணையைப் படிக்கச் சொல்லுங்கள்" என்றார் அழகிரி. "'உண்டவர்' என்றுதான் அமைச்சர் எழுதியிருக்கிறார். பிடித்தவர் என்றோ சமைத்தவர் என்றோ எழுதவில்லை. இவள் ஒரு துண்டு வாயில் வைக்குமுன்னே காவலர்கள் வந்துவிட்டார்கள். இந்த நாட்டில் அரசர் விராலை உண்டது இதுவரை ஒரே ஒருவர்தான்." ஒரு செம்பு தண்ணீரை எடுத்து அமைச்சர் முன்னால் வைத்தார். "உப்பைத் தின்றவர் குடிக்கட்டும்."

சபை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அமைச்சர் ராஜாவின் காலில் விழுந்தார். "ஆணை தப்பு, மகாராஜா. எழுதிய கை தப்பு. ஆற்று மீன் எல்லாருக்கும் பொது என்று சொல்லிவிடுங்கள்."

"நீரே முறித்துப் போடும்" என்றார் ராஜா. தான் எழுதிய ஓலையை அமைச்சரே இரண்டாக முறித்தார். செம்பாயி காலிச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதாள். இனி கரைக்காரர்கள் விராலையும் பிடிக்கலாம், விற்கலாம், தின்னலாம்.

எல்லாம் முடிந்தபின் ராஜா தன் கை மோதிரத்தைக் கழற்றி அழகிரிக்குப் போட்டார். "அதெல்லாம் சரி. அவர் தின்பார் என்று உமக்கு எப்படி அவ்வளவு நிச்சயம்?"

"விரால் குழம்பு, மகாராஜா. அதுவும் ஒரு ராத்திரி ஊறப்போகிற குழம்பு. பத்திரமாக இருக்கட்டும் என்று முதலில் என் வீட்டில்தான் வைக்க நினைத்தேன்."

"பிறகு ஏன் வைக்கவில்லை?"

"வைத்திருந்தால் இன்றைக்கு எல்லை தாண்டுகிறவன் நானாக இருந்திருப்பேன்."