வடிவு வண்டி எடுக்கப் போன கதை

லைசென்ஸ் கைக்கு வந்த அன்னைக்கு வடிவுக்கு கால் தரையில நிக்கல. நேரா ஓடுனா, தனக்கு பைக் ஓட்டச் சொல்லிக் குடுத்த செல்லக்கனி அக்காகிட்ட.

தூத்துக்குடியில உப்பளத்துக்குப் பின்னால ஒரு பொட்டல். அங்கனதான் அக்கா பொம்பளப் பிள்ளைகளுக்கு வண்டி பழக்கிக் குடுப்பாவ. அதிகம் பேச மாட்டாவ. பிரேக்கு பிடின்னு சொல்லதுக்குக் கூட கையத்தான் காட்டுவாவ.

"அக்கா, நாளைக்கு காலையில ஷோரூமுக்குப் போயி புக் பண்ணப் போறேன். எந்த வண்டி எடுக்கட்டும்?"

"நீ எத நெனச்சிருக்க?"

"பெரிய வண்டிக்கா! முந்நூத்தம்பது சிசி. டுப்... டுப்... டுப்... டுப்! ரோட்டுல வந்தா கோழியெல்லாம் வேலியில ஏறிரும்."

சத்தம் குடுக்கையில அவ கன்னம் ரெண்டும் சேந்து ஆடுச்சு. அதோட விட்டாளா? ஷோரூம்காரன் மாதிரி இடுப்ப வளைச்சா. "மேடம், இது வண்டி இல்ல மேடம். உணர்வு மேடம்."

அக்கா சிரிக்கல. "வீட்டுல என்ன சொல்லுதாவ?"

"எங்க அண்ணன் சொல்லுதான், உனக்கு மூணு சக்கர சைக்கிளே போதும், முன்னால கயிறு கட்டி நான் இழுக்கேன்னு. தெருவே சிரிச்சிட்டுக்கா. அவன் வண்டிய விட பெருசா எடுக்கணும்!"

அக்கா எந்திச்சாவ.

புது வண்டி எடுத்தா சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு நசுக்குவோம்லா? வண்டி வாங்குற பிள்ளைக மொதல்ல இங்கனதான் கொண்டு வரும். அதனால அக்கா கொட்டகையில எப்பவும் ஒரு பை பழம் தொங்கும். அதுல ஒண்ண எடுத்து பொட்டல் நடுவுல வச்சாவ. தன்னோட பெரிய வண்டிச் சாவிய வடிவுகிட்ட தூக்கிப் போட்டாவ.

"அந்தக் கல்லுலேருந்து வா. முன்சக்கரம் பழத்தத் தொடணும். நசுங்கக் கூடாது."

"இவ்வளவுதானா?"

டுப் டுப் டுப். வந்தா. பிரேக்கு பிடிச்சா.

பச்சுக்.

அக்கா இன்னொரு பழம் வச்சாவ.

பச்சுக்.

மூணாவது பழத்துக்கு பயந்து ரெண்டடி முன்னாலயே நிப்பாட்டுனா. கால ஊணப் பாத்தா, பெருவிரல்தான் எட்டுச்சு. கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட மாமா பாயில சாயுற மாதிரி வண்டி மெதுவா ஒருபக்கமா சாஞ்சுது. கூடவே வடிவும்.

ரெண்டு பேருமா தூக்கி நிறுத்துனாவ. வடிவு மூஞ்சி தொங்கிப் போச்சு.

கொட்டகையில ஒரு செவப்பு வண்டி நின்னுது. நூத்திப்பத்து சிசி. அக்கா அதத் தள்ளிட்டு வந்தாவ.

"ஏறு."

"இதாக்கா? இது தையல் மிஷின்லா! டிர்ர்ர்ர்..."

"ஏறுட்டி."

ஏறுனா. ரெண்டு பாதமும் பச்சக்குன்னு தரையில பதிஞ்சுது. கல்லுகிட்ட போயி திரும்பி வந்தா. டிர்ர்ர்ர். பழம் கிட்ட வருது... கிட்ட வருது... தூங்குற பிள்ள கன்னத்தத் தொடுற மாதிரி சக்கரம் பழத்தத் தொட்டுது. நின்னுது.

"அக்கா! நின்னுட்டு! நின்னுட்டுக்கா!"

கீழ குதிச்சு பழத்துக்கு ஒரு முத்தம் குடுத்தா. திரும்ப வச்சுட்டு திரும்ப வந்தா. நாலு தடவ. நாலு தடவயும் அதே பழம்.

அஞ்சாவதுக்குப் போகையிலதான் அண்ணன் நெனப்பு வந்துது. வண்டிய நிப்பாட்டிட்டு பழத்தக் கையில எடுத்தா.

"இந்த மாதிரி சின்ன வண்டி எடுத்துட்டுப் போனா அவன் விழுந்து விழுந்து சிரிப்பானேக்கா?"

அக்கா அந்தப் பழத்த வாங்கி, முந்தானையில மண்ணத் தொடைச்சு, அவ கையிலயே திருப்பி வச்சாவ.

"சிரிக்கட்டும். சிரிச்சு முடிச்சதும் இத அவன் வண்டிக்கு முன்னால வச்சுட்டு, 'வாண்ணே'ன்னு கூப்பிடு."