பிளீச்சிங் பவுடர் மரியாதை

கலெக்டர் வருகிறார் என்றதும் பேரூராட்சித் தலைவர் பரமானந்தத்துக்குத் தலைகால் புரியவில்லை. கலெக்டர் பார்க்க வருவதோ மண்புழுத் தொட்டியை. மண்புழுவும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரும் சேர்ந்து சாக்கடைக் கசடை எருவாக்கும் தொட்டி அது. வாசலிலிருந்து வழிநெடுக பிளீச்சிங் பவுடர் தூவவைத்த தலைவர், நாற்றம் வரக்கூடாதென்று மிச்சத்தைத் தொட்டிக்குள்ளேயே கொட்டச் சொன்னார். தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலாத்தாள், தலைவரிடம் நமக்கென்ன பேச்சு என்று சும்மா இருந்துவிட்டாள்.

விடிந்து பார்த்தால் புழு அத்தனையும் செத்துக் கிடந்தது.

"கலெக்டர் முன்னால புழு நெளியோணும். இல்லீன்னா உனக்கு வேலை கிடையாது!" என்று தலைவர் வேலாத்தாளிடம் கத்தினார்.

கலெக்டர் வந்து தொட்டியைக் கிளறினார். "என்னம்மா, ஒண்ணுகூட அசையலையே?"

"தலைவர் மேல குத்தமில்லீங்க ஐயா. வழியில உங்களுக்குச் செஞ்ச மரியாதையையே அதுகளுக்கும் செஞ்சாரு. நீங்க பூட்ஸ் போட்டு வந்தீங்க. அதுக வெறும் உடம்போட கெடந்துச்சுக."

கலெக்டர் குனிந்து, வெள்ளை படிந்த தன் பூட்ஸைப் பார்த்தார். பிறகு தலைவரைப் பார்த்தார்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "நல்லாச் சொன்னே வேலாத்தா!"

"இந்த வாயை நேத்தே தொறந்திருக்கோணும்" என்று சொல்லிவிட்டு, அவள் செத்த புழுக்களை அள்ள உட்கார்ந்தாள்.